நாற்பது எம்பி மிச்சம்

சூடேறிய தூசிக்கு ஒரு வாசனை உண்டு. ஆடி மழையில் இரண்டு வாரம் மூடிக் கிடந்த கணினியை முதல்முறை முடுக்கும்போது, பின்பக்கத்து விசிறி ஒரு முக்கு முக்கிவிட்டு ஊதும் காற்றில் அது வரும். ஈரக் கம்பளியை அடுப்போரம் போட்டதுபோல, அதன்மேல் யாரோ ஒரு சிட்டிகை இரும்பைத் தூவியதுபோல. போன வாரம் கூடலூர் பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் மூலையிலிருந்த பழைய பெட்டியை முடுக்கினார். வாசனை வந்தது. என் கை தானாக எழுந்து வாயைப் பொத்திக்கொண்டது. அலறிவிடுவேன் என்று கை நினைத்திருக்கிறது.

அன்றைக்குத்தான் கைப்பேசியிலும் ஒரு கேள்வி வந்திருந்தது. சுற்று வட்டாரத்து எஸ்டேட்டுகளில் கணினி பார்க்கிற பிள்ளைகள் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். "ரேவதி அக்கா, பழைய விண்டோஸ் கதை முடிஞ்சுதுங்க. புதுசு நம்ம பெட்டியில ஏற மாட்டேங்குது. லினக்ஸ்தான் வழி. எந்த டிஸ்ட்ரோ போடலாம்? எந்த டெஸ்க்டாப் லேசு? நீங்க அந்தக் காலத்துலயே போட்டவங்களாச்சே."

போட்டவள்தான். ஒரு வரியில் பதில் அனுப்ப முடியவில்லை. எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் இப்படி உட்கார்ந்துவிட்டேன்.

நான் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையில் இருக்கும் ஒரு தேயிலை எஸ்டேட்டின் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். போன வருடம், ஐம்பத்தோராம் வயதில், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். படிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. கோயமுத்தூரில் ஒரு வருட டிப்ளமோ, பிறகு ரெக்கார்டு கிளார்க் வேலை, பிறகு யாரும் தொடப் பயந்த பெட்டியைத் தொட்டவள் என்பதால் 'கம்ப்யூட்டரம்மா'. அவ்வளவுதான் என் பயிற்சிக் காலம். மற்றதெல்லாம் எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா கற்றுக்கொடுத்தது.

டாக்டரம்மா உட்கார்ந்து மருந்து எழுதி நான் பார்த்ததில்லை. புடவைமேல் ஆண்கள் போடும் சாம்பல் ஸ்வெட்டர், கைகள் முழங்கை வரை சுருட்டப்பட்டிருக்கும், நின்றபடி எழுதுவார். கோபம் வந்தால் குரல் தாழும். "அவங்க சொன்னாங்க டாக்டரம்மா" என்று யாராவது ஆரம்பித்தால், பேனாவை மூடிவிட்டு, "எங்க எழுதியிருக்கு?" என்று கேட்பார். காட்டிய பிறகுதான் பேனா திறக்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் மாதத்தில் அழுவார்கள். இரண்டாம் மாதத்தில் எல்லாவற்றையும் எழுதிவைப்பார்கள்.

ஊசி அறைக்கு அவர் வைத்திருந்த முறை இது. நோயாளியின் எண்ணைத் தட்டியதும் திரையில் ஒரு வரி வரும். எண், பெயர், வயது, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அந்தக் குறிப்பை நர்ஸ் உரக்க வாசிக்க வேண்டும். நோயாளி கேட்டு "ஆமா" சொல்ல வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் "குறிப்பு இல்லை" என்று அதையும் உரக்கச் சொல்ல வேண்டும். அதன்பிறகுதான் தோலுக்கடியில் ஒரு துளி சோதனை ஊசி. பொறுத்துப் பார்த்து, தடிப்பு இல்லையென்றால் முழு மருந்து. டாக்டரம்மா எழுதும் ஒவ்வொரு சீட்டும் "குறிப்பு பார்த்துப் போடவும்" என்றுதான் முடியும்.

குறிப்புக் கட்டத்தை நிரப்பியவர் தர்மலிங்கம் அண்ணன், எங்கள் கம்பவுண்டர். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து பெற்றோருடன் கப்பலேறி வந்தவர். அங்கிருந்த சொந்தக்காரர் யாரோ ஒரு குறுந்தட்டில் போட்டு அனுப்பிய பாமினி என்ற எழுத்துருவில்தான் தமிழ் அடிப்பார். எனக்கும் அவர்தான் அதைப் பழக்கினார். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்களில் ஒரு மாயம் உண்டு. பெட்டிக்குள் கிடப்பது வெறும் ஆங்கில எழுத்து. எழுத்துரு அதன்மேல் ஒரு தமிழ் முகத்தை மாட்டிக் காட்டும். j இருக்கிற இடத்தில் 'த' தெரியும். முகத்தைக் கழற்றிவிட்டால் jkpo; என்று நிற்கும்; அதுதான் 'தமிழ்' என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இது எனக்குத் தெரியும். தெரியாதவள் செய்த பிழை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

தர்மலிங்கம் அண்ணன் ஓய்வு பெற்று கோத்தகிரியில் மகள் வீட்டுக்குப் போனார். அடுத்த வருடம் எங்கள் கணினிகளுக்கு வைரஸ் வந்தது. லேபில் இருந்து பென்டிரைவில் ஏறி, பெட்டி பெட்டியாகத் தாவி, ஆவணங்களைத் தின்றது. அப்போதே அந்த விண்டோஸுக்கு ஆதரவு நின்றுபோயிருந்தது. புதுப் பெட்டி இந்த வருடம் கிடையாது என்று மேனேஜ்மென்ட் சொல்லிவிட்டது. நான் லினக்ஸ் என்றேன். "அதுல ஓடும்னு எங்க எழுதியிருக்கு?" என்றார் டாக்டரம்மா. "ஓட்டிக் காட்டறேனுங்க" என்றேன்.

எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று நினைத்தால் இப்போது கூசுகிறது. லினக்ஸ் ஒன்று, அதைக் கட்டித்தரும் மூட்டைகள் நூறு. ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு டிஸ்ட்ரோ என்று பெயர். ஒவ்வொன்றின் மேலும் விரிக்க விதவிதமான டெஸ்க்டாப். பென்டிரைவில் ஏற்றி ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். ஒரு நோட்டில் கோடு போட்டு, சும்மா இருக்கும்போது எவ்வளவு நினைவகம் தின்கிறது, ரெக்கார்டு திறக்க எத்தனை நொடி ஆகிறது என்று குறித்தேன். மின்ட் அழகாக இருந்தது. ஆனால் பெட்டியின் விசிறி கதறியது. பப்பி என்று ஒன்றை ஓட்டியபோது, ஊசி அறை நர்ஸ் ஷைனி எட்டிப் பார்த்தாள். நாடுகாணி தாண்டி மலையாளக் கரையிலிருந்து வந்த பெண், சேர்ந்து ஆறு மாதம்.

"சேச்சி, அதென்ன பேரு?"

"பப்பி."

"நாய்க்குட்டியோ? ஆஸ்பத்திரியில நாய்க்குட்டி ஏத்தினா டாக்டரம்மா நம்ம ரெண்டு பேரையும் குளிப்பாட்டி வெளிய விடும்."

கடைசியில் டெபியன் என்று முடிவு செய்தேன். பரபரப்பில்லாத மூட்டை, நேற்று ஓடியது நாளைக்கும் ஓடும். நான்கு பெட்டிகளுக்கு அதன்மேல் எக்ஸ்எப்சிஇ என்ற டெஸ்க்டாப். கீழே ஒரு பட்டை, ஓரத்தில் நான்கு படம், பழைய கை பழகிய இடத்திலேயே எல்லாம் இருந்தது. நான்கிலும் பாமினியைக் கையோடு நகலெடுத்துப் போட்டேன். தர்மலிங்கம் அண்ணனின் குறிப்புகள் தமிழ் முகத்தோடு வந்தன. பார்த்துப் பார்த்துப் பூரித்தேன்.

ஐந்தாவது, ஊசி அறைப் பெட்டி. நினைவகம் இருநூற்றைம்பத்தாறு எம்பி, அதாவது மெகாபைட். எக்ஸ்எப்சிஇயைக்கூடத் தாங்கவில்லை, ஒரு வரி திறக்கச் சொன்னால் யோசித்துக்கொண்டே இருந்தது. எனக்கு வெறி பிடித்தது. டெஸ்க்டாப்பே வேண்டாம் என்று தள்ளிவிட்டு, சன்னல்களைத் திறந்து மூடுவதைத் தவிர வேறெதுவும் தெரியாத ஒரு சின்ன நிரலைப் போட்டேன். பிறகு கவாத்து. தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வெட்ட வெட்ட கைக்கு ஒரு தாளம் பிடித்துவிடும், நிறுத்த மனம் வராது. அச்சு நிரல் எதற்கு, வெட்டு. ஒலி எதற்கு, வெட்டு. எழுத்துருக்கள் என்று ஒரு கூடை. திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒன்றே ஒன்றை விட்டுவைத்து மிச்சத்தை வெட்டினேன். நாற்பது எம்பி மிச்சம். நோட்டில் அப்படியே எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.

ரெக்கார்டு பளிச்சென்று திறந்தது. முதல் பக்கத்தைச் சோதித்தேன். பெயர்கள் ஆங்கிலத்தில் அடித்தவை, எல்லாம் சரி. அந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் குறிப்பு இல்லை. கட்டங்கள் காலி. இரண்டாம் பக்கத்தை நான் புரட்டவில்லை.

மறுநாள் எல்லோரையும் கூட்டிச் சொன்னேன். "புது சிஸ்டம் கொஞ்சம் வித்தியாசமாத் தெரியும்ங்க. பயந்துக்காதீங்க. போகப் போகப் பழகிரும்."

மூன்று வாரம் ஓடியது.

பாக்கியத்தை எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரியும். கொழுந்து எடுக்கிறவர், தொழிலாளர் வீட்டு வரிசையில் மேல் லயத்துக்காரர், வாய் ஓயாதவர். என்னை எங்கே பார்த்தாலும், "என்னா கம்ப்யூட்டரம்மா, எங்க கொழுந்தையும் ஒங்க பொட்டியே எடுத்துக்குமா? நாங்க ஊட்டுல படுத்துக்கவா?" என்பார். அன்றைக்கு அந்த வாய் மூடியிருந்தது. கடைவாய்ப் பல்லில் சீழ் கோத்து, ஒரு பக்கத் தாடை வீங்கி, பற்களுக்கு நடுவே ஒரு கரண்டிக் காம்புகூட நுழையாது. டாக்டரம்மா பார்த்தார், பென்சிலின் எழுதினார், "குறிப்பு பார்த்துப் போடவும்" என்று முடித்தார், பிரசவ அறையிலிருந்து கூப்பிட்டார்கள், ஓடினார்.

நான் ஊசி அறைக்கு எதிரே அலமாரியில் பல்பு மாற்றிக்கொண்டிருந்தேன். கோப்புகளில் பூஞ்சை பிடிக்காமலிருக்க உள்ளே எப்போதும் ஒரு பல்பு எரியும். ஷைனியின் குரல் கேட்டது. "மருந்து ஏதும் ஆகாதோ அக்கா? இல்லல்லோ?" பதில் இல்லை. கதவிடுக்கில் பார்த்தேன். பாக்கியம் கையை ஆட்டினார். வேண்டாம் வேண்டாம் என்கிற ஆட்டல். "ஊசின்னா இத்தனை பயமோ, இத்தனை பெரிய ஆளுக்கு," என்று ஷைனி சிரித்தாள். நானும் சிரித்தேன். எழுதத்தான் வேண்டும்: நானும் சிரித்தேன்.

சோதனை ஊசிதான். தோலுக்கடியில் ஒரு துளி.

பல்பைத் திருகி முடிப்பதற்குள் இருமல் கேட்டது. நாய் குரைப்பது போன்ற இருமல். பிறகு நாற்காலி விழுந்தது. ஷைனி என் பெயரைச் சொல்லவில்லை, டாக்டர் என்றும் சொல்லவில்லை, "அம்மே" என்று மட்டும் கத்தினாள். உள்ளே போனபோது பாக்கியம் தரையில் கிடந்தார். உதடு இரண்டு மடங்கு, கழுத்தெல்லாம் செந்தடிப்பு, மூச்சு இழுக்கும்போது ஓட்டைக் குழாயில் காற்று போகிற சத்தம். கண் திறந்திருந்தது. அந்தக் கண் என்னைப் பார்த்தது. நான் சுவரில் ஒட்டி நின்றேன். ஊசி அறைப் பெட்டியின் விசிறி அந்தச் சூடேறிய தூசி வாசனையை என் முகத்தில் ஊதிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா எப்போது வந்தார் என்று தெரியாது. கையுறையில் பிரசவ அறையின் ரத்தம்; அதைக் கழற்றி எறிந்ததும், தட்டிலிருந்து அட்ரினலின் எடுத்ததும், பாக்கியத்தின் தொடையில் இறங்கியதும் ஒரே அசைவு. "காலைத் தூக்கு. ஆக்சிஜன். ரேவதி, பிடி." பிடித்தேன். கால் ஐஸாக இருந்தது. ஒன்று போதவில்லை, இரண்டாவது போட்டார். இரண்டாவதுக்கும் மூச்சு திரும்பியதற்கும் நடுவே இருந்த நேரத்தை இன்னும் என்னால் அளக்க முடியவில்லை.

மூச்சு வந்தது. கன்னத்தில் நிறம் வந்தது. வார்டுக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டரம்மா கையைக் கழுவினார். துடைத்தார். ஊசி அறைத் திரைக்கு முன்னால் போய் நின்றார். குரல் தாழ்ந்திருந்தது.

"ரேவதி, இதை வாசி."

குறிப்புக் கட்டத்தில் இப்படி இருந்தது: ngd;rpypd; MfhJ.

"டாக்டரம்மா, இது வந்து..."

"என்னன்னு கேக்கல. வாசின்னேன்."

கண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. விரல் வாசித்தது. மேசை விளிம்பில் என் விரல்கள் தாமாகவே அந்த எழுத்துகளை அடிக்கத் தொடங்கின. n, ஒற்றைக் கொம்பு. g, ப. d, ன. அரைப்புள்ளி, மெய்ப்புள்ளி. பெ, ன், சி, லி, ன். பெரிய M, ஆ. விரல் முடித்துவிட்டது. நான் முடிக்கவில்லை.

"சத்தமா."

"பென்சிலின் ஆகாது," என்றேன்.

ஷைனி கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். "இப்படி இருந்ததை ஏன் கேக்கல?"

"அது... லினக்ஸுட பாஷைன்னு நெனச்சேன் டாக்டர். வித்தியாசமாத் தெரியும், பயப்படவேண்டாம்னு சேச்சி சொன்னாங்கல்லோ. ரொம்பப் பேருக்கு அங்க ஒண்ணுமில்ல. ஒண்ணுரண்டு பேருக்கு இப்படி வரும். நான் வாயால கேப்பேன், அவங்க சொல்லிருவாங்க. இன்னிக்கு அவங்களுக்கு வாய் திறக்கல."

இதைப்போல ஒரு பிழையை எங்கள் மாதிரி ஆட்களால்தான் செய்ய முடியும். தமிழை ஆங்கில எழுத்துக்குள் ஒளித்துவைத்தவர் கோத்தகிரியில். எழுத்துருக் கூடையோடு பாமினியையும் வெட்டி, அந்த முகத்தைக் குப்பையில் போட்டவள் நான். தமிழே தட்டுத்தடுமாறி வாசிக்கிற பெண், அது புது இயந்திரத்தின் மொழி என்று மரியாதையாக ஒதுங்கி நின்றிருக்கிறாள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒரு எழுத்துகூட அழியவில்லை. எழுதியதெல்லாம் எழுதிய இடத்தில் பத்திரமாக இருந்தது.

டாக்டரம்மா திட்டவில்லை. நாற்காலியை இழுத்து என் பின்னால் போட்டு, "சரிபண்ணு. நான் பார்க்கறேன்" என்று நின்றார். எழுத்துருவைப் போட எவ்வளவு நேரம் ஆகும்? பென்டிரைவைச் செருகி, நகலெடுத்து, ரெக்கார்டை மூடித் திறந்தேன். திரையில் தமிழ் வந்தது. அவ்வளவுதான். இவ்வளவுக்குத்தான்.

மறுநாள் காலையில் வார்டுக் கட்டில் காலியாக இருந்தது. பாக்கியம் யாரிடமும் சொல்லாமல் எழுந்து லயத்துக்குப் போய்விட்டார். பல்லில் சீழ் அப்படியே இருந்தது. வீக்கம் கழுத்துக்கு இறங்கினால் மூச்சு அடைக்கும், இந்தத் தடவை எந்த ஊசியாலும் திருப்ப முடியாது என்றார் டாக்டரம்மா. ஆள் விட்டார்கள், வரவில்லை. மறுபடி விட்டார்கள், கதவையே திறக்கவில்லை.

"நீ போ," என்றார் என்னிடம். "நடந்ததைச் சொல்லு. கூட்டிட்டு வா."

"என்னன்னு சொல்றதுங்க?"

"நடந்ததைன்னேன்."

மேல் லயத்துக்கு ஏறும்போது மழை தூறியது. பாக்கியம் வாசல்படியில் தாடையைத் துண்டால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீக்கம் காதுக்குக் கீழே இறங்கியிருந்தது. நேற்று வலியில் அடைத்துக் கிடந்த பேச்சு, இன்றைக்குக் கோபத்தில் பல் இடுக்கு வழியாக வந்தது.

"யாரு, கம்ப்யூட்டரம்மாவா? பொட்டியத் தூக்கிட்டு வரலியா?"

"தப்பு என்னுதுங்க," என்றேன். "உங்களுக்குப் பென்சிலின் ஆகாதுன்னு எழுதித்தான் இருந்துச்சு. அந்த நர்ஸ் புள்ளைக்கு அது தெரியல. தமிழ் எழுத்து அந்தப் பெட்டியில வரலைங்க. நான் எடுத்துட்டேன்."

"எதுக்கு எடுத்தீங்க?"

"பெட்டி வேகமா ஓடட்டும்னு."

என்னையே பார்த்தார். துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"ஓடுச்சா?"

"ஓடுச்சுங்க."

"நான் நாக்கு தடிச்சு, தொண்டை அடைச்சு, கண்ணு இருட்டிக் கெடக்கேன். ஒங்க பொட்டி ஓடிக்கிட்டு இருந்திருக்கு."

மழை வலுத்தது. உள்ளே வரச் சொல்லவில்லை, நானும் நகரவில்லை. தலையிலிருந்து தண்ணீர் மூக்கு வழியே சொட்டியது.

"கையை ஆட்டிச் சொன்னேனே," என்றார். "ஏலாது, ஏலாதுன்னு ஆட்டினேன். சிரிச்சீங்க ரெண்டு பேரும்."

"சிரிச்சோமுங்க."

"ஆமான்னு ஒத்துக்கிட்டா சரியாப் போச்சா?"

"இல்லைங்க. கழுத்துக்கு இறங்கிருச்சு வீக்கம். வேற மருந்து இருக்குதுங்க. என்னை என்ன வேணாலும் பேசுங்க, அங்க வந்து பேசுங்க."

எழுந்தார். செருப்பைத் தேடினார். "அந்த எழுத்தை நான் பார்க்கணும். நீங்க வாசிச்சு நான் கேக்க மாட்டேன். அஞ்சாப்பு வரைக்கும் படிச்சவதான். நானே வாசிப்பேன். வாசிச்சாத்தான் கையை நீட்டுவேன்."

ஊசி அறையில் டாக்டரம்மா ஒதுங்கி வழிவிட்டார். பாக்கியம் திரைக்குப் பக்கத்தில் குனிந்து, ஒரு விரலைக் கண்ணாடிமேல் வைத்து, எழுத்து எழுத்தாக நகர்த்தினார். "பெ... ன்... சி... லி... ன்." நின்றார். "ஆ... கா... து." விரல் பதிந்த இடமெல்லாம் கண்ணாடியில் ஈரத்தடம். பிறகு கையை நீட்டினார். வேறு மருந்து ஏறியது. மறுநாள் சீழைக் கீறி எடுத்தார்கள். இரண்டாம் நாள் வாய் திறந்தது. மூன்றாம் நாள் வார்டு முழுக்க அவர் சத்தம்தான்.

பிள்ளைகளே, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். டெபியன் போடுங்கள். பெட்டி தாங்கினால் எக்ஸ்எப்சிஇ, தாங்காவிட்டால் எல்எக்ஸ்கியூடி. மிகப் பழைய பெட்டியாக இருந்தால், இன்றைய மூட்டைகள் பல அதை ஏற்பதில்லை. முதலில் அதைப் பாருங்கள். போட்ட பிறகு எத்தனை எம்பி மிச்சம் என்று என்னிடம் சொல்லாதீர்கள். உங்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் அடித்த பழைய பக்கம் ஒன்றைத் திறந்து, அந்தப் பெட்டியில் வேலை செய்யப் போகிறவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். முதல் பக்கம் போதாது.

நான்காம் நாள் பாக்கியத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது ஊசி அறைக்கு வந்தார். நான் ஷைனிக்கு ஒவ்வொரு குறிப்பாக வாசித்துக்காட்டிக்கொண்டிருந்தேன். அவர் வரிதான் திரையில் இருந்தது. அந்த நான்கு நாளில் அதை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அவர் என் தோளுக்கு மேலாகக் குனிந்து, இந்த முறை வேறு கட்டத்தில் விரலை வைத்தார்.

"இது என்னா, அம்பத்திரெண்டு?"

"உங்க வயசுங்க."

விரலை எடுக்கவில்லை.

"எனக்கு நாப்பத்தாறு. இந்த நம்பரு இவ்வளவு நாளும் நல்லாத்தானே தெரிஞ்சுது? இதையும் ஒருத்தரும் வாசிக்கலியா?"